ஆறாத பாதப் புண்ணும் அழுத்தப் பிராணவாயுச் சிகிச்சையும்

ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆலயக் குழு உறுப்பினர், பூன் லே



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால், தல வரலாறோ நாயன்மார் சரிதமோ எழுதி அனுப்புவது என் வழக்கம். இவ்வாண்டு நம் கால்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஆலயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கட்டுரையை முடிவு வரை படித்தால் அந்தக் கேள்வி எழாது என்று நம்புகிறேன்.

எங்கள் ஆலயத்தின் அன்னதானக் கூடத்தில் ஓர் அண்ணன் தொண்டு செய்கிறார். பூன் லேயில் என் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளிக் குடியிருப்பவர். வயது 71. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாம்பார் அண்டாவைத் தூக்க இரண்டு இளைஞர்கள் தேவைப்படும் இடத்தில், அவர் ஒருவரே போதும் என்பார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு நீரிழிவு உண்டு. நம்மவர்கள் பேச்சு வழக்கில் இனிப்பு நீர் என்று சொல்வதுதான்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஒரு விசேஷ நாளின் நண்பகலில், வெயிலில் காய்ந்த தரையில் அவர் வெறுங்காலுடன் பலமுறை நடந்து சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கொண்டு வந்து சேர்த்தார். மற்றவர்கள் கால் சுடுகிறது என்று நிழலுக்கு ஓடினார்கள். அவருக்குச் சுடவில்லை. அதைப் பக்தியின் வலிமை என்று எல்லாரும் வியந்தோம். நானும் வியந்தேன். அவருடைய பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவு உள்ளங்காலில் கொப்புளம் கண்டது. அவருக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து, வீட்டுத் தரையில் ஈரக்கறையைப் பார்த்து அவர் மனைவி கண்டுபிடித்தார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் சென்றது. வாடை வருகிறது என்று பேத்தி சொன்ன பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றார்கள். அதற்குள் கிருமி எலும்பு வரை போய்விட்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று நான் கேட்டபோது, "வலியே இல்லையே, சார்! வலிக்காத புண்ணுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?" என்றார்.

அவருக்கு இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டன. காலுக்குச் செல்லும் அடைபட்ட இரத்தக் குழாயைச் சிறு பலூன் செலுத்தித் திறந்தார்கள். அப்படியும் உள்ளங்கால் புண் இரண்டு மாதமாக மூடவில்லை. அப்போது மருத்துவர் ஒரு சிகிச்சையைப் பற்றிப் பேசினார். கடலில் மூழ்கி வேலை செய்வோருக்காக ஏற்பட்ட அழுத்த அறைக்குள் அமர்ந்து தூய பிராணவாயுவைச் சுவாசிக்கும் சிகிச்சை அது. அண்ணனின் பிள்ளைகள் என்னிடம் வந்து, "சார், இது நல்லதா? அதிசயம் போல் குணமாகும் என்கிறார்களே?" என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆசிரியனுக்குத் தெரியாத கேள்வி வந்தால் படித்துப் பார்ப்பதுதான் முறை. அப்படிப் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

நம் சமூகத்தின் நிலை

2016ஆம் ஆண்டில் நமது சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் திரு. லீ சியன் லூங் இந்நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் 10 பேருக்கு 6 பேர் நீரிழிவு உடையவர்கள் என்று அவர் அன்று கூறியதைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். நம் அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையில் அமரும் மூத்தோரை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல்! இந்நோயால் நம் நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 பேர் விரலையோ பாதத்தையோ காலையோ இழக்கிறார்கள் என்பதும் பலமுறை எடுத்துக் கூறப்பட்டுள்ளது. இப்படிக் கால் இழப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றியது ஒரு சிறு புண்ணே.

பாதப் புண் ஏன் ஆறுவதில்லை?

முதற்காரணம் நரம்பு. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால் நீண்ட நரம்புகள் முதலில் கெடும். உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே உணர்ச்சி முதலில் அங்கேதான் குன்றுகிறது. கல் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முக்கியமானவர் தமிழ் மண்ணில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர்களுடைய விரலும் பாதமும் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று அந்நாளில் எண்ணினார்கள். உணர்ச்சி இல்லாததால் நேரும் காயங்களும், அக்காயத்தின் மேலேயே நடப்பதுமே சிதைவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்து கொடுத்து எத்தனையோ பாதங்களைக் காத்தார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் சென்ற பின், அதே பாடம் நீரிழிவுக்காரர்களின் பாதங்களுக்கும் பொருந்துவதைக் கண்டார். இன்று நம் மருத்துவமனைகளில் தரும் தனிக் காலணிகளுக்குப் பின்னால் வேலூரில் கற்ற பாடமும் இருக்கிறது.

இரண்டாம் காரணம் இரத்தக் குழாய். நீரிழிவும் புகைப்பழக்கமும் கொழுப்பும் சேர்ந்து காலின் குழாய்களை அடைக்கின்றன. புண் ஆறுவதற்கு இரத்தம் வேண்டும். இரத்தம் கொண்டு வரும் பொருள்களில் முதன்மையானது பிராணவாயு. அது இல்லாமல் புதுத் தசை வளராது.

மூன்றாம் காரணம் கிருமி. நம் உடலின் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லும்போது பிராணவாயுவைப் பயன்படுத்துகின்றன. வாயு குறைந்த இடத்தில் அவை ஆயுதம் இல்லாத படைவீரர் போல் ஆகிவிடுகின்றன. சர்க்கரை மிகுதியும் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது.

இம்மூன்றில் அழுத்த அறை உதவக்கூடியது பிராணவாயுக் குறைவு ஒன்றுக்குத்தான். கெட்ட நரம்பை அது மீட்காது. அடைபட்ட பெரிய குழாயைத் திறக்காது. இதை முதலிலேயே மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்.

அழுத்த அறை என்ன செய்கிறது?

கோலி சோடாவை நினைத்துக் கொள்ளுங்கள். புட்டியினுள் வாயு அழுத்தத்தில் இருக்கும்வரை தண்ணீருக்குள் கரைந்திருக்கும். கோலியைத் தட்டி அழுத்தத்தைக் குறைத்தால் நுரைத்துக் கொண்டு வெளியேறும். அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பதை 1803இல் வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேயர் விதியாக வகுத்தார். இந்தச் சிகிச்சையின் அடிப்படை அவ்வளவுதான்.

நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பவை சிவப்பு அணுக்கள். 100 மில்லிலிட்டர் இரத்தம் அவற்றின் மூலம் சுமார் 20 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கிறது. அவை ஏற்கெனவே நிறைந்த பேருந்து போன்றவை. எவ்வளவு தூய வாயுவைச் சுவாசித்தாலும் மேலும் ஏற இடமில்லை. ஆனால் அணுக்கள் மிதக்கும் நீர்ப்பகுதியில் வாயு நேரடியாகக் கரையலாம். சாதாரணக் காற்றில் அப்படிக் கரைவது வெறும் 0.3 மில்லிலிட்டர். மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் அது 6 மில்லிலிட்டர் அளவுக்கு உயர்கிறது. அதாவது 20 மடங்கு.

இந்த 6 மில்லிலிட்டர் என்ன செய்யும் என்பதை 1960இல் ஆம்ஸ்டர்டாம் நகர அறுவை மருத்துவர் இட்டே பூரெமா காட்டினார். பன்றிகளின் இரத்தத்திலிருந்து சிவப்பு அணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கி, மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய பிராணவாயு கொடுத்தார். அவை உயிர் பிழைத்திருந்தன! நீர்ப்பகுதியில் கரைந்த வாயுவே சிறிது நேரம் உயிரைத் தாங்கப் போதுமானதாக இருந்தது.

புண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய குழாய்கள் குறுகிச் சிவப்பு அணுக்கள் போதுமான அளவு சென்று சேராத இடத்துக்கும், இந்த நீர் வழியாகக் கூடுதல் வாயு செல்கிறது. அதனால் வெள்ளை அணுக்கள் வேலை செய்கின்றன, வீக்கம் குறைகிறது, புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டப்படுகின்றன. ஆயினும் ஏதோ ஒரு வழியாவது இரத்தம் அங்கே போக வேண்டும். வாய்க்கால் முற்றிலும் தூர்ந்து போனால், ஏரியில் எவ்வளவு நீர் இருந்தும் வயலுக்குப் பயன் ஏது?

அறைக்குள் நடப்பது

சில மருத்துவமனைகளில் ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிக் குழாய் போன்ற அறை உண்டு. சில இடங்களில் பலர் அமரும் பெரிய உலோக அறை. அண்ணன் சென்றது இரண்டாவது வகை. ஒரு சிறிய விமானத்தின் உட்புறம் போல் இருந்தது என்றார். கதவை மூடி அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். பாதப் புண்ணுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 மடங்கு வரை. கடலில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு இது சமம். பிறகு முகமூடியோ தலைக்கவசமோ மாட்டித் தூய பிராணவாயு தருவார்கள்.

ஒரு முறை சுமார் 90 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30 முதல் 40 முறை என்பது பரவலான வழக்கம். அதாவது ஆறு முதல் எட்டு வாரம் அன்றாடம் போய் வர வேண்டும். ஆறாத புண்ணோடு, நடக்கக் கூடாத காலோடு பூன் லேயிலிருந்து தினமும் போவது எளிதா? அண்ணனின் மூத்த மகன் வேலை நேரத்தை மாற்றிக் கொண்டார். மற்ற நாள்களில் எங்கள் குழுத் தொண்டர்கள் முறை வைத்துக் கொண்டு காரில் அழைத்துச் சென்றார்கள்.

தொல்லைகளும் உண்டு. விமானம் இறங்கும்போது காது அடைப்பது போல் இங்கும் அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதக் கற்றுத் தருவார்கள். சிலருக்குச் செவிப்பறை காயப்படும். சிலருக்குச் சில வாரம் கிட்டப்பார்வை கூடிப் பின்னர் சரியாகும். மிக அரிதாக வலிப்பு வரலாம். இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கக் கூடும். ஆகவே உள்ளே போகுமுன் சோதித்துப் பார்ப்பார்கள், வெறும் வயிற்றில் போகக் கூடாது. நுரையீரல் சுருங்கி மார்பில் காற்றுக் கசிந்துள்ளவர்களுக்கு அது சரியாகும்வரை இச்சிகிச்சை அறவே கூடாது. நுரையீரல் நோயும் இதய பலவீனமும் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்று நெருப்பு. பிராணவாயு மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். 1997இல் இத்தாலியின் மிலான் நகரில் இத்தகைய அறையில் தீப்பற்றி 11 பேர் மாண்டனர். அதனால்தான் பருத்தி உடை மட்டும் அணியச் சொல்கிறார்கள். கைத்தொலைபேசி, தீப்பெட்டி, சூட்டுப்பை எதுவும் கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய், தைலம், அத்தர், மூட்டு வலிக்குப் பூசும் களிம்பு ஆகியவையும் கூடாது. நம் மூத்தோர் இதைக் கேட்டுச் சலித்துக் கொள்வார்கள். "ஒரு துளி எண்ணெய்தானே!" என்று தாதியரிடம் வாதாட வேண்டாம்.

உண்மையில் பயன் உண்டா?

அண்ணனின் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை.

1996இல் வெளியான இத்தாலிய ஆய்வில் கடுமையான பாதப் புண் உள்ள 68 பேர் இருந்தனர். அழுத்த அறைக்குச் சென்ற 35 பேரில் 3 பேர் காலின் பெரும்பகுதியை இழந்தனர். செல்லாத 33 பேரில் 11 பேர் இழந்தனர். 2010இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு இன்னும் கவனமாகச் செய்யப்பட்டது. எல்லாரையும் அறைக்குள் அனுப்பி, ஒரு பாதியினருக்குப் பிராணவாயுவும் மறுபாதியினருக்கு வெறும் காற்றும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டில் புண் முழுதும் ஆறியவர்கள் முதற்பிரிவில் 100க்கு 52, மறுபிரிவில் 100க்கு 29.

ஆனால் 2016இல் கனடாவில் இதே போல் 103 பேரிடம் செய்த ஆய்வில் இரு பிரிவுக்கும் வேறுபாடே இல்லை. 2018இல் நெதர்லாந்தில் இரத்த ஓட்டம் குன்றிய 120 பேரிடம் செய்த ஆய்வில், அழுத்த அறைப் பிரிவில் 60 பேரில் 53 பேரும், மற்றப் பிரிவில் 60 பேரில் 47 பேரும் காலைக் காத்துக் கொண்டனர். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம் என்பது கணக்கு. அந்த 60 பேரில் சிகிச்சையை முழுதும் முடித்தவர்கள் 39 பேர் மட்டுமே என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் தன் வழிகாட்டியை வெளியிட்டது. இரத்த ஓட்டம் குன்றிய பாதத்தில் தோன்றிய புண், முறையான சிகிச்சைக்குப் பிறகும் ஆறாமல் இருந்தால், வசதி ஏற்கெனவே உள்ள இடத்தில், மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து இதைக் கருதலாம் என்று அது கூறுகிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியும், புண் எலும்பு வரையோ சீழ்க்கட்டி வரையோ ஆழ்ந்திருந்து, 30 நாள் முறையான சிகிச்சையில் முன்னேற்றம் காணாதவர்களுக்கே செலவை ஏற்கிறது.

சுருங்கச் சொன்னால், இது ஒரு துணை மருந்து. தேர்ந்தெடுத்த சிலருக்கு உதவக் கூடியது. எல்லாருக்கும் வேண்டியதன்று, எதற்கும் மாற்றும் அன்று.

முதலில் நடக்க வேண்டியவை

அண்ணனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அவர் பிள்ளைகளிடம் ஒரு வரிசையைச் சொன்னார். அழுகிய தசையை அகற்ற வேண்டும். கிருமிக்கு மருந்து கொடுக்க வேண்டும். இரத்தக் குழாயைச் சோதித்து, அடைப்பு இருந்தால் திறக்க வேண்டும். புண்ணின் மேல் உடல் பாரம் விழாதபடி தனிக் காலணியோ கட்டோ போட வேண்டும். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். புகைப்பவர் நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்த பின்னும் ஆறாவிட்டால்தான் அழுத்த அறையைப் பற்றிப் பேச வேண்டும். இவற்றைச் செய்யாமல் நேரே அறைக்குப் போவது, அடித்தளம் போடாமல் கோபுரத்துக்குக் கலசம் வாங்குவது போல என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் குடும்பத்தில் இப்பேச்சு வந்தால் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இரத்தக் குழாயைச் சோதித்தாயிற்றா, அடைப்பைத் திறக்க வழி உண்டா? தோலின் மேல் ஒட்டிப் பிராணவாயுவை அளக்கும் கருவியால் இந்தப் பாதத்தைப் பார்த்தீர்களா, வாயு கொடுத்தால் அளவு உயர்கிறதா? எத்தனை முறை வர வேண்டும், எப்போது பயனைக் கணிப்பீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு, மெடிசேவ் கணக்கிலிருந்தும் காப்புறுதியிலிருந்தும் எவ்வளவு எடுக்கலாம்? கடைசிக் கேள்விக்கு மருத்துவச் சமூக ஊழியர் உதவுவார். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அழுத்தப் பிராணவாயுவுக்கும் முக்குளிப்பு மருத்துவத்துக்கும் என ஒரு நிலையம் உண்டு. நமது கடற்படை மருத்துவப் பிரிவின் கூட்டுறவோடு அது உருவானது. கடலடியில் பணிபுரியும் வீரர்களைக் காக்க வளர்ந்த கலை, இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் பாதத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் சில அழகு நிலையங்களில் துணிக்கூடாரம் போன்ற மென்மையான அறைகளில் குறைந்த அழுத்தத்தில் தருவது இந்தச் சிகிச்சை அன்று. அங்கே பாதப் புண்ணைக் கொண்டு போய்ப் பணத்தையும் காலத்தையும் இழக்க வேண்டாம்.

ஆலயமும் நம் பாதமும்

இப்போது நம் ஆலயத்துக்கு வருகிறேன். செருப்பைக் கழற்றி உள்ளே செல்வது நம் மரபு. தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலுடன் நடக்கிறோம். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கிறோம். மரபை விடச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த மரபு, சுட்டால் உணரும் பாதங்களை எண்ணி ஏற்பட்டது. உணராத பாதம் உடையவர் தம்மை அறிந்து நடக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பாதப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. உணர்ச்சி குன்றியுள்ளது என்று தெரிந்தால், நேர்த்திக்கடன் செலுத்துமுன் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். தீமிதிப்பதும் நெடுந்தூரம் வெறுங்காலுடன் நடப்பதும் உங்களுக்கு ஆகாது என்று அவர் சொன்னால், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தோ காய் நறுக்கியோ அக்கடனைத் தீருங்கள். தாய் தன் பிள்ளையின் காலைக் காணிக்கையாகக் கேட்பாளா?

ஆலயத்துக்கு வெயில் ஏறுமுன் வாருங்கள். வழிபாடு முடிந்ததும் செருப்பை உடனே அணியுங்கள். அணியுமுன் உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். வீட்டிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். சூட்டு நீரில் காலை வைக்காதீர்கள். இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். புண்ணோ கொப்புளமோ கண்டால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். வாடை, கருமை, பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மஞ்சள் பூசிக் காத்திருக்கும் நோய் இதுவன்று.

எங்கள் ஆலயக் குழுவிலும் இது பற்றிப் பேசினோம். நண்பகலில் வெயில் படும் நடைபாதையில் தேங்காய்நார் விரிப்புப் போடுவதென்றும், அன்னதானத் தொண்டர்கள் சமையற்கூடத்தில் மூடிய காலணி அணிவதென்றும் முடிவு செய்தோம். விரிப்புக்கான செலவை ஒரு நன்கொடையாளர் ஏற்றுக் கொண்டார். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய தந்தை ஒரு காலை இழந்தவர் என்று பிறகு அறிந்தேன்.

அண்ணன் 30 முறை அந்த அறைக்குள் அமர்ந்து வந்தார். புண் பட்ட நாளிலிருந்து எண்ணினால், ஏழாவது மாதம் அது மூடியது. "அந்த அறைதானே காலைக் காப்பாற்றியது?" என்று மருத்துவரிடம் கேட்டேன். "அறையும் உதவியிருக்கலாம். குழாயைத் திறந்ததும், காலை ஊன்றாமல் இருந்ததும், வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக் கொண்டதும் சேர்ந்துதான். முதல் வாரமே வந்திருந்தால் விரல்களும் இருந்திருக்கும்" என்றார் அவர்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக் கொள்பவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். வகுப்பில் பல ஆண்டுகள் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். நான்காவது கூறின் பொருள் எனக்கு விளங்கியது, பாட்டனாரின் காலைத் தன் மடிமேல் வைத்து அந்தப் பேத்தி கட்டு மாற்றியதைப் பார்த்த அன்றுதான்.

அண்ணன் இப்போது அண்டா தூக்குவதில்லை. தனிக் காலணியோடு நாற்காலியில் அமர்ந்து வெங்காயம் உரிக்கிறார். புதிதாகத் தொண்டுக்கு வரும் மூத்தோரிடம் அவர் முதலில் கேட்பது, "இனிப்பு நீர் உண்டா? நேற்று ராத்திரி காலைப் பார்த்தீர்களா?" என்பதுதான்.

பக்தப் பெருமக்களே, இன்றிரவு நீங்களும் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதத்தையும் பாருங்கள். அனைவரும் நலமுடன் நடந்து வந்து இறைவனைத் தரிசிக்க அவன் திருவடியை வேண்டுகிறேன்.